வெல்லக்கட்டியும் இடது கண்ணும்

என் இடது கண்ணிமை பாதி மூடியே கிடக்கும். எதையாவது மென்றால் மட்டும் படக்கென்று மேலே ஏறி இறங்கும். பார்க்கிறவர்களுக்குக் கண்ணடிப்பது போலத் தெரியும். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்று திருச்செங்கோடு முழுக்கச் சொன்னார்கள். சொன்ன மேதைகளில் ஒருவருக்கும் அந்த வருஷம் கிரகணம் வந்ததா என்றே தெரியாது.

சேலத்துக் கண் டாக்டர் அமிர்தசாமிதான் விஷயத்தைச் சொன்னார்.

"வயித்துல இருக்கும்போது நரம்பெல்லாம் நுனியால தடவித் தடவி வளரும்மா. ஒவ்வொண்ணும் தனக்குரிய தசையைத் தேடிப் போய்ச் சேரும். எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. உனக்குத் தாடைக்குப் போக வேண்டிய நரம்புல ஒரு கிளை இமைக்குப் போயிடுச்சு. அவ்வளவுதான்."

அறுபத்து மூன்றாம் வருஷம் மோகனூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தங்கசாமி உள்ளே வரும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பிடித்துவிட்டது. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவர்கள் போகும்வரை எதையும் மெல்லக் கூடாது என்று அம்மா எனக்குக் காலையிலேயே கஞ்சி ஊற்றிவிட்டாள். பெண் பிடித்தால் மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் வெல்லம் ஊட்டுவாள் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாத்தாள் ஊட்டினாள். பெரிய கட்டி, மென்றுதான் ஆக வேண்டும். எதிரே அவளுடைய அண்ணன் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு, பாதிப் பல் இல்லை. என் கண் ஏறி இறங்கியதும் அது தனக்குத்தான் என்று அந்த மனிதர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, இதென்னங்க கூத்து! எங்கண்ணனைப் பாத்துக் கண்ணடிக்கறா!" என்று அப்பாவிடம் கத்தினாள் கண்ணாத்தாள்.

டாக்டர் சொன்னதை நானே எடுத்துச் சொன்னேன். சென்னியப்பனின் முகம் தொங்கிப்போனது.

கண்ணாத்தாள் யோசித்தாள். எங்கள் தோட்டத்துக் கிணறு கோடையிலும் வற்றாது, நான் ஒரே பெண். அதையும் சேர்த்துத்தான் யோசித்திருப்பாள்.

"செரி, நரம்போ நாரோ. கலியாணத்துக்கப்பறம் ஆம்பளைங்க முன்னால வாய அசைக்கக் கூடாது. கதவச் சாத்திட்டுத்தான் சோறு திங்கோணும்."

"செரிங்க" என்றார் அப்பா. மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் தங்கசாமியைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா சொன்னாச் செரிதானுங்க" என்றார்.

இந்த ஆளுக்காகவா அப்படி அடித்துக்கொண்டது என்று என் மனசின் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. தட்டிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்றேன். கண்ணாத்தாளை, சென்னியப்பனை, அப்பாவை என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். கண் தன் வேலையைச் செய்தது. கடைசியில் தங்கசாமியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போகும்வரை மென்றுகொண்டே இருந்தேன். எங்கள் கரும்பில் காய்ச்சிய வெல்லம்தான். இனிக்கவே இல்லை.