பதினொரு பேர் வெட்டிய பங்கர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொய் என்னுடையது. கையெழுத்து குலசேகரத்தினுடையது.

1997. பாரிஸில், லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறை. சனிக்கிழமைகளில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சில் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அகதி விண்ணப்பத்தை எங்கள் ஆட்கள் ‘கேஸ்’ என்பார்கள். குலசேகரம் சொன்ன கேஸ் மொத்தமே இவ்வளவுதான்: “ஆமி வந்தது. பயமாயிருந்தது. வெளிக்கிட்டு வந்திட்டன்.”

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? துருவித் துருவிக் கேட்டேன். கடுகுப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுத்தாளன் வேறு, கை சும்மா இருக்குமா? சோதனைச்சாவடியில் அவனைப் பிடித்துப்போய், மொத்தம் பதினொரு பேரை இரண்டு கிழமை ஆமிக்குப் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்ட வைத்தார்கள் என்று எழுதினேன். மண்வெட்டிப் பிடி உடைய, பூவரசங் கம்பைச் செருகினார்கள் என்றும் சேர்த்தேன். வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கையெழுத்து வைத்தான். பொய்க்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

கேஸ் வென்றது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை.

2

செய்ன் நதியின்மேல் அந்திச் சூரியன் மெல்ல

(அடித்துவிட்டேன். குலசேகரம் அதன் கரையிலுள்ள எபினே-சூர்-செய்னில் இத்தனை வருடம் குடியிருந்தும் அந்த நதியை நின்று பார்த்ததில்லை. ரெஸ்டோரண்டில் சட்டி கழுவப் போய், குசினிக்கே பொறுப்பானவன். அவனுக்கு எங்கே நேரம்?)

குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் வாழ்க்கையைச் சட்டத்தோடு சொல்வதுதான் நேர்மை. அவனிடம் பத்து வருடக் கார்ட் இருந்தது. தொடர்ந்து மூன்று வருடத்துக்குமேல் வெளிநாட்டில் நின்றால் அது செல்லாது. அகதிக்கான பயணப் புத்தகமும் இருந்தது. எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அதில் எழுதியிருந்தது. விசா கிடைத்தால் பெரு நாட்டுக்குப் போகலாம். சொந்த ஊர் கோப்பாய்க்குப் போக முடியாது. கோப்பாயில் அவனுடைய அக்கா அருள்மலர் இருந்தாள். தாய் தகப்பன் செத்தபிறகு அவனை வளர்த்தவள். அவள் இங்கே வர இரண்டு தடவை விசா கேட்டு, இரண்டு தடவையும் இல்லையென்றுவிட்டார்கள். அவளைப் பார்க்க அவனுக்கு ஒரே வழி, பிரெஞ்சுக் குடியுரிமை.*

* ராணுவம் பற்றியும் சொல்ல வேண்டும். குடியுரிமை இல்லாதவனை இந்த நாடு கட்டாயமாகக் கூப்பிடாது. அவனாக விரும்பினால், அந்நியருக்கென்றே இருக்கும் படையணியில் சேரலாம். ஆனால் அவனுடைய மகள் லக்சிகா இங்கே பிறந்தவள், பதின்மூன்று வயதிலேயே பிரெஞ்சுக்காரி. அவளுக்குப் பதினேழு வயதில் ‘பாதுகாப்பு நாள்’ என்று ராணுவத்திடமிருந்து ஒருநாள் அழைப்பு வந்தது. போகாவிட்டால் கார் லைசன்ஸ் எடுக்க முடியாது. குலசேகரம் அன்று வேலைக்கே போகவில்லை. அவள் திரும்பி வந்ததும், “துவக்குத் தந்தவையோ?” என்று துப்பாக்கி பிடிக்கிற மாதிரிக் கையை வைத்துக் கேட்டான். “நோன், பப்பா. சான்விச் தந்தவை” என்றாள்.

3

2016இல் குடியுரிமைக்கான நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. ரூ பஜோல் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து அவனைத் தயார்படுத்தினேன். குடியரசின் கொள்கைகள், தேசிய கீதம், நதிகள் எல்லாம் சொன்னான். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ராணுவ சேவை செய்தாயா என்று கேட்பார்களே!

இல்லை என்றால், நான் எழுதிய பழைய கேஸை எடுத்துப் பார்த்து, அப்போது சொன்னது என்ன என்று கேட்கலாம். ஓம் என்றால், எந்த ஆமி, என்ன வேலை என்று தோண்டலாம். என் ஒரு வரியால் அவனுடைய அக்கா அவனுக்கு இல்லாமல் போவாள்.

“கேட்டால் இல்லையெண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்காதை” என்றேன்.

“பாப்பம் அண்ணை” என்றான். அந்த ‘பாப்ப’த்தில் எனக்கு நித்திரை போனது.

4

(இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். முதலாவதில், அதிகாரி பழைய கோப்பைத் திறக்கிறாள், குலசேகரம் அழுகிறான். இரண்டாவதில், நான் உள்ளே ஓடிப்போய் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். அதனாலேயே கிழித்தேன்.)

நடந்தது இதுதான். நேர்முக அலுவலகத்துக்கு வெளியே நான் மதில் ஓரமாக நின்றேன். நாற்பது நிமிடத்தில் வந்தான்.

“ராணுவத்தைப் பற்றிக் கேட்டவவோ?”

“ஓம்.”

“இல்லையெண்டுதானே சொன்னனி?”

“ஆமிக்குப் பங்கர் வெட்டினனான் எண்டு சொன்னன்.”

“விசரா! உது நான் எழுதினதடா!”

“ஓம், நீங்கள்தான் எழுதினனீங்கள்.” அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். “நான் அண்டைக்கு வாயே திறக்கேல்லை. ஆமிக்கு வேலை செய்து குடுத்தவன் எண்டால் எங்கட சனம் என்ன சொல்லும்? நீங்கள் வாசிக்க வாசிக்க எனக்குத் தலை நிமிரேல்லை. உங்களுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன்.”

அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“பிடி உடைஞ்சதும் உண்மையோ?”

“உடைஞ்சதுதான். என்ன கம்பு செருகினதெண்டு நினைவில்லை. ஒண்டுதான் பிழை, அண்ணை. நாங்கள் ஏழு பேர். நீங்கள் பதினொண்டு போட்டிட்டீங்கள். கோப்பிலை இருக்கெண்டு நானும் பதினொண்டு எண்டுதான் சொன்னனான். ஆர் அந்த நாலு பேர்?”

“தெரியாதடா.”

“பாவங்கள்” என்றான்.

“அந்த அதிகாரி என்ன சொன்னவ?”

“பேனையைக் கீழை வைச்சவ. ‘மிசியே, அது ராணுவ சேவை இல்லை, உங்களுக்குச் செய்த அநியாயம்’ எண்டவ. பிறகு ‘இல்லை’ எண்டு பதிஞ்சவ.”

‘அப்பாடா’ என்று வாய்விட்டுச் சொன்னேன். பத்தொன்பது வருடம் நான் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்! நடைபாதையில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன். குலசேகரம்தான் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தான்.

5

2017. குலசேகரம் கடைப் பின்னறைக்கு வந்து புதுப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தான். பக்கத்தில் இலங்கைக்கு விமான டிக்கெட்.

“அண்ணை, ஒரு பேப்பரிலை எழுதித் தாங்கோ.”

“என்னத்தை?”

“அக்காவைக் கண்டவுடனை என்ன சொல்லுறதெண்டு. இருபது வருசம். எனக்குச் சொல்ல வராது. நீங்கள் எழுதினா அது உண்மையாத்தான் வரும்.”

பேனையை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் வரி வந்துவிட்டது, நல்ல வரி. மூடியைப் போட்டுப் பேனையைப் பைக்குள் வைத்தேன்.

“ஏலாது, குலம். இந்த முறை நீதான் சொல்லவேணும்.”

“பிறகென்ன எழுத்தாளர் நீங்கள்!” என்று ஏசிவிட்டுப் போனான்.

விமானம் ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கியது. மத்தியானத்துக்குமேல் கோப்பாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக லக்சிகா சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவன் திரும்பி வந்தபிறகும் கேட்கவில்லை. உங்களுக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். தயவுசெய்து நீங்களும் எழுதிவிடாதீர்கள். அக்காவும் தம்பியும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாருங்கள், நாம் போவோம்.