வானத்தைப் பார்த்துச் சுட்ட நான்கு குண்டுகள்

2019 ஜூலை பதினான்காம் தேதி காலை பத்தே காலுக்கு, அல்ஜீரியாவில் 1958இல் சுடப்பட்ட துப்பாக்கிக் குண்டு ஒன்று வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, துரைக்கண்ணுவின் கறவை எருமையைக் கொன்றது. வீடு காரைக்காலைச் சேர்ந்தது, வயல் தமிழ்நாட்டில் இருந்தது. வழக்கு யாருடையது என்று இரண்டு காவல் நிலையங்களும் ஒரு வாரம் பேசிவிட்டு, சுட்டவர் தெரியவில்லை என்று எழுதி முடித்தன. துரைக்கண்ணுவுக்குத் தெரிந்திருந்தது.

பத்தொன்பது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துவிட்டார். ஊரில் அவரை சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், என்பார்கள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்கு தோறும் பதக்கம் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் நின்றுவிட்டு, நேராக வயலுக்கு வருவார். 2018இல் தஹ்மீனா என்ற ஆய்வு மாணவி வந்தாள். பிரான்சு ஆண்ட ஊர்களில் இன்னும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் தங்களை யாராக நினைக்கிறார்கள் என்பது அவள் ஆய்வு. அதையே அவரிடமும் கேட்டாள்.

“ஓட்டுப் போடறப்ப பிரெஞ்சுக்காரன். ஆத்துல தண்ணி வரலன்னா தமிழன்” என்றார்.

பிறகு அல்ஜீரியப் போரைப் பற்றிப் பிரெஞ்சில் சொன்னார். ஒரு மலைக் கிராமத்தில் நான்கு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுடச் சொன்னார்களாம், இவர் நான்கு குண்டையும் வானத்தைப் பார்த்துச் சுட்டாராம். வீட்டில் எல்லோரும் கேட்டு அலுத்த கதை. தஹ்மீனா அதை முதல்முறையாக அச்சில் ஏற்றினாள். குண்டுகளும் அதை நம்பி, மறுவருடத்திலிருந்து வானத்திலிருந்து இறங்கத் தொடங்கின.

2020இல் அதே தேதியில் இரண்டாவது குண்டு, வரப்பில் அவருக்குக் குடை பிடித்த மகன் ராஜ்குமாரின் தோளில் இறங்கியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கையை எடுத்தார்கள். 2021இல் அவர் வெளியே வராமல் கட்டிலிலேயே இருந்தார். குண்டு கான்கிரீட் தளத்தைத் துளைத்து, காபி கொண்டுவந்த மருமகன் பரணிதரனின் உச்சந்தலையில் நுழைந்தது. டம்ளரில் காபியைவிட ரத்தம் அதிகமாக இருந்தது. குண்டு அவர் பக்கத்தில் நிற்பவர்களையே எடுக்கும் என்று ஊர் புரிந்துகொண்டது. அன்றைய தேதியில் நடவுக்கு ஆள் வருவதில்லை, டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்பதில்லை. ராஜ்குமார் ஊரைவிட்டே போனான். மிச்சம் இருந்தது மகள் வள்ளியம்மையும் நான்காவது குண்டும்.

திருப்பனந்தாளுக்கு வந்துவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் அழைத்தார்கள். “அப்பாவுக்கு யாரு சோறு போடுறது? செய்யாத தப்புக்கு அவரைத் தனியா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் அங்கேயே இருந்தாள்.

2022 ஜூலை பதினான்கு காலை, துரைக்கண்ணு சொல்லி அனுப்பியதால் தஹ்மீனா வந்தாள். வயல் வரப்பில் வள்ளியம்மை அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். “தள்ளிப் போடி” என்றார். அவள் அசையவில்லை. மணி பத்து பத்து.

அவர் முதல்முறையாக அதைத் தமிழில் சொன்னார். “எழுதிக்கம்மா. வானத்தைப் பாத்துச் சுடல. நாலு பேரையும் நெஞ்சுலதான் சுட்டேன். நாலாவது ஆளு தண்ணி கேட்டான்.”

“குடுத்தீங்களா?” என்றாள் வள்ளியம்மை.

“குடுத்தேன். அவன் குடிச்சு முடிச்சதும் சுட்டேன்.”

வள்ளியம்மை பிடித்திருந்த கையை விட்டாள். வரப்பில் இருபது அடி நடந்து, திரும்பாமல் நின்றாள்.

பத்தே காலுக்கு வந்த குண்டு வானத்திலிருந்து வரவில்லை. மேற்கிலிருந்து மட்டமாக, நாற்றங்காலில் நாற்றுகளின் நுனிகளை ஒரே கோடாகச் சீவிக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் பாய்ந்தது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், காயத்துக்கு வயது அறுபத்து நான்கு என்று எழுதியதால் வழக்குப் பதியவில்லை. தஹ்மீனா தன் ஆய்வேட்டில் ஒரு வரியைத் திருத்தினாள்.

இப்போதும் ஜூலை பதினான்கு அன்று வள்ளியம்மை மேற்கு வரப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கிறாள். பத்தரைக்குள் சொம்பு காலியாகிவிடும். அதன்பிறகு ஆட்கள் வயலில் இறங்கி நடவைத் தொடங்குவார்கள்.