காகத்துச் சோறு தின்ற நரி

செவ்வாயும் வெள்ளியும் இத்தாலியில் வேட்டைக்குப் போகக் கூடாது. அது அரசாங்கச் சட்டம். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. அது என் மனைவி ஞானாம்பிகையின் சட்டம். இந்த நாட்டுக்காரரும் எங்கள் ஊர்ச் சாமி நல்லூரானுக்குப் பயந்தவர்கள்தான் என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் தொத்தோரே துவக்கைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன்.

தொத்தோரே எங்கள் முதலாளி. பலெர்மோவுக்கு மேலே, மலைக்காட்டின் ஓரத்தில் அவருக்கு ஒரு வீடு. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எங்கள் இருவரையும் வைத்திருந்தார். வருசா வருசம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்க விடும் கடதாசி. ஆகவே அவர் "உஸ்" என்றால் நான் மூச்சும் விடுவதில்லை.

அவருக்கு ஒரு நரி மேல் கோபம். தான் சுட வேண்டிய முயலையெல்லாம் அது தின்று தீர்க்கிறதாம். முயல் முன்னால் நின்றாலும் குறி தவறுகிறவருக்கு இது நல்ல சாட்டு. அந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, மரமும் முட்பற்றையும் பின்னிக் கிடக்கும். நரியைத் தேடிப் போக முடியாது, அதுதான் எங்களிடம் வர வேண்டும். காற்று முகத்தில் படும்படி பற்றைக்குள் குந்தியிருந்து, சின்னக் குழல் ஒன்றை வாயில் வைத்து, அடிபட்ட முயல் மாதிரி அவர் கத்துவார். நரி வரவேயில்லை.

அது எங்கே வரும் என்று எனக்குத் தெரியும்.

போன புரட்டாதிச் சனிக்கு ஞானம் விரதம் பிடித்தாள். பலெர்மோவின் கபோ சந்தையில் எள்ளு வாங்கி வந்து, சோற்றில் குழைத்து, காட்டோரப் பாறையில் வைத்துக் "கா... கா..." என்று கூப்பிட்டாள். காகம் தின்ற பிறகுதான் அவள் வாயில் சோறு படும். இந்த ஊர்க் காகங்களுக்கு எங்கள் முறை பிடிபடவில்லை. பின்னேரம்வரை பட்டினி கிடந்தாள். அடுத்த சனிக்கிழமை ஒரு மெலிந்த நரி வந்து, சோற்றை நக்கித் தின்றுவிட்டுப் போனது.

"ஆர் திண்டால் என்ன? நரி முகத்திலை முழிக்கிறது நல்லதுதானே," என்றாள்.

"ஓம், சனீஸ்வரன் வாகனத்தை மாத்திப்போட்டார்," என்றேன்.

அந்த மாதமே பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? விரதம் முடிந்தும் சனிதோறும் சோறு போனது. அவள் குரல் கேட்டால் நரி வந்து நிற்கும். எனக்கு வைக்கும் சோற்றைவிட அதற்குத்தான் நெய் கூட.

இந்தப் புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை காற்றுத் திசை மாறியது. தொத்தோரே மேலே ஏறாமல் கீழே வந்து குந்தினார். பற்றை இடுக்கால் பார்த்தேன், முன்னால் ஞானத்தின் பாறை. இன்றைக்கு மட்டும் அவள் பிந்த வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன். தலை முழுகிய ஈரத்தோடு, கையில் சோற்றோடு அவள் வந்தாள். வைத்தாள், கூப்பிட்டாள், ஒதுங்கி நின்றாள்.

நரி நேராக வந்தது, கொஞ்சமும் பயமில்லாமல். நான் வாயைத் திறந்தேன். தொத்தோரே தன் உதட்டில் விரலை வைத்தார். நான் வாயை மூடினேன். துவக்கு வெடித்தது, நரி சோற்றுக்குப் பக்கத்தில் விழுந்தது.

ஞானம் திரும்பினாள். பற்றைக்குள் இருந்து பையோடு எழும்பிய என்னைத்தான் பார்த்தாள். அப்போதே செத்துப்போகலாம் போல இருந்தது. தொத்தோரே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் குழலைவிட அவள் குரல் திறமாம். இதற்கு ஒரு சோடி இருக்கும், அடுத்த சனியும் வந்து கூப்பிட வேண்டுமாம்.

"சி, தொத்தோரே," என்று அவளுக்காகவும் நானே ஓம் சொன்னேன்.

அந்தக் கிழமை முழுக்க அவள் என் சோற்றை மூடி வைத்துவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டாள். சனிக்கிழமை வந்தது. நாங்கள் பற்றைக்குள் இருந்தோம். அவள் சோற்றைப் பாறையில் வைத்துவிட்டு வாய் திறக்காமல் நின்றாள். தொத்தோரே என் விலாவில் இடித்தார், சொல்லு என்று.

"ஞானம்," என்றேன். "நரியைக் கூப்பிடட்டாம்."

அவள் பற்றையைப் பார்த்தாள். பிறகு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, காகத்துக்குப் படைத்த சோற்றை அள்ளித் தன் வாயில் போட்டாள். சனிக்கிழமைகளில் காகமோ நரியோ தொடாமல் பச்சைத் தண்ணீரும் குடிக்காதவள், ஒரு பருக்கை மிச்சம் விடாமல் அழுதழுது தின்றாள்.

"சனி பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடிக்கட்டும்," என்றாள். "அதுகளை விடச் சொல்லுங்கோ."

தொத்தோரேவுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஏன் சாப்பிடுகிறாள் என்று என்னைக் கேட்டார்.

"பசி, தொத்தோரே," என்றேன்.