ரொக்ஸ்பரோவில் பொங்கிய பால்

ரொக்ஸ்பரோவில் முதன்முதலாகக் குடியேறிய தமிழன் தான்தான் என்பதில் அருமைராசாவுக்கு முப்பது வருடமாக ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை. பங்குத் திருவிழாவில் மைக் கையில் கிடைத்தால் சொல்வார். கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதும் சொல்வார். ஒருமுறை செத்தவீட்டில் சொல்லப்போய் மனைவி இமெல்டாவிடம் முழங்கையால் இடியும் வாங்கியிருக்கிறார்.

ஊரில் முதலில் குடியேறியவர்களின் வரலாற்றை நூலகத்தில் பலகைகளாக எழுதி மாட்டப்போகிறார்கள், அதில் தமிழருக்கும் ஒரு பலகை உண்டு என்று கேள்விப்பட்டதும் மனிதர் புதுக் கோட் ஒன்று எடுத்துவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் மகன் டினோஜனுக்கு அன்றைக்கே போன் போட்டு, குடும்பத்தோடு வந்து அப்பாவின் பெயரைப் பார்க்கச் சொல்லியாயிற்று. பெயர் வந்தால்தானே பார்க்கலாம் என்று இமெல்டா சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

பலகையை எழுதும் பொறுப்பு சஜிதாவுடையது. நூலகத்தில் வேலை செய்கிறவள், எதற்கும் அத்தாட்சி கேட்கிற பிள்ளை. அருமைராசா 1989இல் வீடு வாங்கிய உறுதிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். இமெல்டாவும் கூடப் போனார்.

சஜிதா உறுதியை மரியாதையாகப் பார்த்தாள். பிறகு ஒரு தாளை எடுத்தாள்.

"அங்கிள், இதையும் ஒருக்கா கேளுங்கோ. பழைய தீயணைப்புப் பதிவேட்டில கிடைச்சது."

பிரெஞ்சில் இருந்ததை அவள் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். 1985 பெப்ரவரி, காலை ஏழு மணி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடி. புகை அலாரம் அடித்ததால் கீழ்வீட்டுப் பெண் அழைத்திருக்கிறார். தீ இல்லை. குடியிருப்பவர்கள் பாலை வேண்டுமென்றே பொங்கி வழிய விட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டதற்கு, புது வீட்டில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். குடிக்காமல் போக மேல்மாடிப் பெண் விடவில்லை. அணைக்கப் போன நாங்கள் நால்வரும் குடித்தோம். சேதம் இல்லை. குடியிருப்பவர்கள்: ஸ்ரீதரன், கௌரி.

இமெல்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கரண்ட் அடுப்பில பாலை வழிய விட்டிட்டு, கும்பிட்டுக்கொண்டு நிக்கிற சனம் உலகத்தில வேற ஆர்! வந்தவைக்கும் பால் குடுத்தே அனுப்பியிருக்கிறா, பாருங்கோவன்."

அருமைராசா சிரிக்கவில்லை. அந்த அடுப்பு அவருக்குத் தெரிந்த அடுப்பு.

1986இல் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு போன் நம்பர் மட்டும். அது கௌரி வீட்டு நம்பர். யார் கொடுத்தார்கள் என்றுகூட ஞாபகமில்லை, அந்த நாளில் வந்து இறங்கிய எல்லோரிடமும் அது இருந்தது. ஸ்ரீதரன் இரவல் காரில் வந்து ஏற்றிப்போனார். இரண்டே அறை. விறாந்தை முழுக்கப் பாய். நீ ஆர், எந்த ஊர், என்ன சமயம் என்று கௌரி கேட்டதில்லை. பகல் முழுக்கத் தையல் ஆலையில் நின்றுவிட்டு வந்து அத்தனை பேருக்கும் சோறு போட்டார். ஞாயிறுகளில் வேதக்காரப் பெடியன்களைத் தேவாலயத்துக்குப் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போய், அது முடியும்வரை காருக்குள் குளிரில் காத்திருந்தார். சைவக்காரி, ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இப்படியும் ஒரு மனுசி இருப்பாளா என்று அன்றைக்கு அவரே வியந்தவர்தான்.

அந்த அடுப்பில் கருகிய வளையம் ஒன்று இருந்தது. ஒருநாள் அருமைராசா அதைத் தேய்த்துக் கழுவப்போனார். "விடு தம்பி, அது நாங்கள் குடிவந்த முதல்நாள் பொங்கின பால்" என்று கௌரி தடுத்தார். தன் காதாலேயே கேட்டதை முப்பது வருடமாக அவர் வசதியாக மறந்திருந்தார்.

"அங்கிள், ஒரு வழி இருக்கு," என்றாள் சஜிதா. "'முதலில் வீடு வாங்கிய தமிழர்' எண்டு தலைப்புப் போட்டால் உங்கட பேர்தான் வரும். அது பொய்யுமில்லை. கௌரி அன்ரியோட கதைச்சனான். நாங்கள் வாடகைக்குத்தானே இருந்தனாங்கள், தம்பியின்ர பேரையே போடும் எண்டு சொன்னவா."

அந்தக் கடைசி வார்த்தை அவரை நன்றாகவே சுட்டது. முப்பது வருடமாக அவர் மைக்கில் முழங்கியபோதெல்லாம் கௌரியும் சபையில் இருந்து கைதட்டியிருக்கிறார். புதுக் கோட் ஞாபகம் வந்தது. டினோஜனுக்கு என்ன சொல்வது என்பதும் வந்தது. இமெல்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இமெல்டா, அந்த உறுதியை எடுத்து உள்ள வையும்," என்றார் அருமைராசா. "எழுதும் பிள்ளை, நான் சொல்லுறன்."

பலகை திறக்கிற அன்று அவர் புதுக் கோட்டைத்தான் போட்டிருந்தார். வாங்கியதை வீணாக்குவானேன். கௌரியை அவரது மகள் சாருஜா கர்க்லாண்டிலிருந்து அழைத்து வந்தாள். ஸ்ரீதரன் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. கௌரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

'ரொக்ஸ்பரோவின் முதல் தமிழ் வீடு ஸ்ரீதரன், கௌரியுடையது. 1985இல் இங்கே அவர்கள் பால் பொங்க வைத்தார்கள், தீயணைப்பு வீரர்களும் வந்து குடித்தார்கள். அதன்பின் வந்த நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில் படுத்து எழும்பித்தான் இந்த ஊரவர் ஆனோம். இதைச் சொல்பவன், அந்த விறாந்தையில் ஒன்பதாவதாக வந்து பாய் விரித்த அருமைராசா.'

கௌரி கணவனின் பெயரை விரலால் ஒருமுறை தொட்டார். கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், டினோஜன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். மைக்கை அருமைராசா பக்கம் நீட்டினார்கள், வேண்டாம் என்று தலையாட்டினார்.

கௌரி மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, இதில ஒரு பிழை இருக்கு. ஒன்பதாவது மன்னாரிலயிருந்து வந்த அன்டன். பத்தாவது அவன்ர மச்சான். நீ பதினோராவது."