அக்கா இல்லாத படம்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. கண்டியில் ஒரு படத்தின் முதல் காட்சிக்குப் போனேன். மண்டபமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் அழவில்லை. இதென்ன கல்நெஞ்சு என்று இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். அங்கே மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘பன்வில மலையில் பனி இறங்கும் காலை நேரத்தில், சின்னஞ்சிறு அஜந்தன்...’

வேண்டாம். அதைத்தான் அஜந்தனே படமாக எடுத்துவிட்டானே. தேயிலைத் தோட்டத்துப் பையன் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்து ஆளான கதை. பக்கத்துக் கதிரைக்காரி நிஷாந்தினி அவனுடைய அக்கா. படத்தில் அவனுக்கு அக்கா இல்லை.

3

நடந்தது இது. அஜந்தனுக்குக் கண்டியில் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்ப முடியுமா? அம்மா அங்கம்மா கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே நிஷாந்தினியின் படிப்பை ஒன்பதாம் ஆண்டோடு நிறுத்தினார்கள். தம்பியைக் கூட்டிப் போவாள். பள்ளிக்கூடம் விடும்வரை மதிலோரம் காத்திருப்பாள். (கணக்கில் அவள் கெட்டிக்காரி. பரிதாபம் கூடிவிடும் என்பதால் இதை அடைப்புக்குள் வைக்கிறேன்.)

படத்தில் கூட்டிப் போவது அம்மா. மழையில் குடை பிடிப்பதும் அம்மா.

படத்தை முதலில் போனில் போட்டுக் காட்டியபோதே தம்பியிடம் கேட்டிருக்கிறாள்.

“என்னைய ஏன்டா போடல?”

“ஒரு ஆளு கூடுனா கதை செதறிடும்க்கா. அம்மாவையும் ஒன்னையும் சேத்து ஒரே ஆளா ஆக்கிட்டேன். கோவிச்சுக்காத.”

[அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நானும் இந்தக் கதையில் அப்பாவை வெட்டிவிட்டேன்.]

4

பிறகு எனக்கு இவள்மேலேயே சந்தேகம் வந்தது. வயிற்றெரிச்சலில் கூட்டிச் சொல்கிறாளோ? படம் முடிந்து விளக்குப் போட்டதும், அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த அங்கம்மாவிடம் கேட்டேன்.

“நான்தாங்க கூட்டிட்டுப் போனேன். எம்புட்டு மழை. அப்புடியே எடுத்திருக்கான்” என்று கண்ணைத் துடைத்தாள்.

பொய் சொல்லும் முகமில்லை அது. படம் பார்த்தே நம்பிவிட்டாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நிஷாந்தினிக்குப் படிப்பு போனபோதுகூட இவ்வளவு வலித்திருக்காது.

5

இனி முடிவு. மேடையில் அஜந்தன், “எங்கக்காவும் வந்திருக்காங்க, ரெண்டு வார்த்தை பேசட்டும்” என்கிறான். மைக் வருகிறது.

ஒன்று: அவள் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். சபை நடுவே அம்மா தலைகுனிகிறாள். பொறாமைக்காரி என்று ஊர் பேசுகிறது.

இரண்டு: “படம் நல்லா இருக்குங்க” என்று உட்காருகிறாள். கைதட்டுகிறார்கள்.

மூன்று: அவள் எழுந்து,

இல்லை. அவள் வாயில் நான் வசனம் வைத்தால் அவள் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மைக்கை வாங்கியவளின் முழங்கையைத் தொட்டு அங்கம்மா மெல்லச் சொன்னாள்:

“நல்லதா நாலு வார்த்தை சொல்லுடி. பாவம், அவன் பட்ட கஷ்டம் ஒனக்கு எங்க தெரியப்போகுது.”