மேற்குக் கேலரிக்குள் இருக்கும் நிழல்

மைதானத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று வருகிறவன் எவனும் மைதானத்துக்காக வருவதில்லை என்பது தொதேரின் முடிவு. ஓல்த் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் முப்பத்தைந்து வருஷமாகப் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டவர் அவர். வந்தவன் ஒவ்வொருவனும் எதையாவது தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறான். ஒருவன் பழைய கோப்பையை, இன்னொருவன் ஆட்டம் முடிந்ததும் அடிக்கிற மணியை.

இப்போது வந்திருப்பவள் இலிங்கா, சரித்திரப் பேராசிரியை. ஐம்பது வயதிருக்கும். மேற்குக் கேலரியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம், அதற்கு முன் மைதானத்தின் கதையைப் புத்தகமாகப் போட வேண்டுமாம். மூன்று நாளாகக் கேள்வி கேட்டாள். தொதேர் "தெரியாது" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் அவள் அளவு நாடாவைத் தரையில் விரித்துக் கேலரிச் சுவரை அளந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற தொதேரின் நிழல் நாடாவின் மேலேயே நீளமாக விழுந்து கிடந்தது. அவள் குனிந்து பார்த்து ஒரு எண்ணை எழுதிக்கொண்டாள்.

தொதேரின் கையிலிருந்த சுண்ணாம்பு வாளி நழுவியது.

"அந்தக் காகிதத்தைக் குடு."

"சுவரோட நீளத்தைத்தான் எழுதினேன், பெரியவரே."

"சுவரோடதா, என்னோடதா? புதுசாக் கட்டப்போறவன்தானே உன்னை அனுப்பினான்?"

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"படிச்சவதானே நீ? கிழவன் உளர்றான்னு சிரிக்க வேண்டியதுதானே?"

"எங்க ஊர்ல கொத்தனார் அளக்கறப்போ எங்கம்மா என்னைக் கிட்டவே நிக்க விடமாட்டா."

அப்படியானால் தெரிந்தேதான் செய்திருக்கிறாள். அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"இந்தக் கேலரியைக் கட்டினப்போ எங்கப்பா ஒனிசிம் இங்கே சித்தாள். சுவர் ரெண்டு தடவை சரிஞ்சுது. மேஸ்திரி என்ன பண்ணினான், அப்பாவுக்குத் தெரியாம அவர் நிழலை ஒரு நாணல் குச்சியால அளந்தான். குச்சியை இந்த வாசலுக்குப் பக்கத்துல வச்சுப் பூசிட்டான். சுவர் நின்னுது. நிழலைக் குடுத்தவன் நாப்பது நாள் தாங்கமாட்டான். அப்பா முப்பத்தெட்டாம் நாள் சாரத்துலேருந்து விழுந்தார்."

"பழைய ஆண்டுமலர்ல ஒருத்தருக்குக் காயம்கூட இல்லைன்னு இருக்கே. மாணவர்கள் பாட்டுப் பாடிக்கிட்டே கட்டினதாப் போட்டிருக்கு."

"பாடினாங்க. போட்டோ எடுக்க வந்த அன்னிக்கு."

இலிங்கா அந்தத் தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினாள். தொதேருக்கு எழுத்துப் படிக்க வராது, எண் மட்டும் தெரியும். பார்த்தார், மடித்துத் தொப்பிக்குள் செருகினார். மனசு ஆறவில்லை.

"உன் மண்டைக்குள்ள அந்த அளவு இருக்குமே."

"இருக்கும்தான்," என்றாள் அவள். சற்று யோசித்துவிட்டு வெயிலுக்கு முதுகு காட்டி நின்றாள். "அப்போ என்னோடதையும் அளந்து வச்சுக்கங்க. உங்க அளவை நான் எவனுக்காவது குடுத்தா, இல்ல புத்தகத்துல பொய் எழுதினா, எந்தச் சுவத்துல வேணும்னாலும் வச்சுப் பூசுங்க."

இதில் என்ன சூது இருக்கிறது என்று தொதேர் தேடினார். அகப்படவில்லை. கோடு போடுகிற கயிற்றை எடுத்துவந்து, அவள் குதிகாலிலிருந்து நிழலின் தலைவரை பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டார். சரிதானா என்று மறுபடியும் பிடித்துப் பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள். ஆனால் விரல்கள் நடுங்கின. அவள் பேச்சை அவர் நம்பவில்லை. அந்த நடுக்கத்தை நம்பினார்.

கயிற்றைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"ஒனிசிம். மொதல்ல அந்தப் பேரை எழுது," என்றார். "எழுதிட்டுப் படிச்சுக் காட்டு. நாளைக்கு வேற ஒருத்தனை வச்சும் படிக்கச் சொல்லிப் பாப்பேன்."