கீழ் வரிசை முகம்

காரைக்குடியில் செம்மலையின் பிளக்ஸ் கடை போர்டில் அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது ‘24 மெகாபிக்சல்’ என்பதுதான். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டால், “ஒங்க மொகத்துல இருக்க மச்சத்த ஊருணி சைசுக்கு அடிக்கலாம்” என்பான். கேட்டவர்கள் பயந்துபோய்ச் சின்ன சைசே போதும் என்பார்கள்.

புதன்கிழமை காலை பாண்டீஸ்வரி கொத்தமங்கலத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து கடை வாசலில் நின்றாள். மினி லாரி ஓட்டிய சோணையின் மனைவி. சோணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து பதினான்கு நாள் ஆகியிருந்தது.

“வெள்ளிக்கிழம பதினாறாம் நாள் காரியம்ணே. அவுகளுக்கு ஒரு போர்டு வைக்கணும். பத்தடிக்கு எட்டடி. அவுக மொகம் மட்டும் பெருசா.”

சோணை செம்மலைக்குப் பதினைந்து வருடப் பழக்கம். காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, கொத்தமங்கலத்துக்காரர்கள் எந்த போர்டு அடித்தாலும் கீழ் வரிசையில் சோணை இருப்பான். விழா நாயகர் மேலே ஆளுயரத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பார். அவரை வாழ்த்துகிறவர்கள் கீழே ஸ்டாம்ப் சைசில் வரிசையாக இருப்பார்கள். அதில் கடைசித் தலை எப்போதும் சோணையுடையது. ஓரத்து பார்டர் அவன் ஒரு காதைத் தின்றுவிடும். தின்னக் கொடுத்தது செம்மலைதான்.

“போட்டோ கொண்டாந்திருக்கியா தங்கச்சி?”

“எங்கண்ணே இருக்கு? கல்யாண ஆல்பம் மழையில ஒட்டிப் போச்சு. லைசென்சு சட்டப்பையிலயே கெடந்து வேர்வையில வெளுத்துப் போச்சு. யாராச்சும் போன்ல எடுக்க வந்தா, வண்டிய எடுக்கணும்னு எந்திரிச்சுப் போயிருவாக. ஒங்க கம்ப்யூட்டர்லதான் அவுக இருக்காக. அத நம்பித்தான் வந்தேன்.”

கம்ப்யூட்டரில் சோணை இருந்தான். அகலத்தில் இருநூற்றுப் பத்துப் புள்ளி.

அதைப் பார்த்ததும் செம்மலைக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே கடைச் சுவரில் சாய்த்து நிறுத்தித்தான் எடுத்தான். “மேல் பட்டனப் போட்டுக்கவாண்ணே?” என்று சோணை கேட்டான். “கழுத்துக்குக் கீழ வராதுப்பா, சும்மா நில்லு” என்றான் இவன். எடுத்தது இருபத்து நாலு மெகாபிக்சலில்தான். அதிலிருந்து காலரோடு தலையை வெட்டி, ஸ்டாம்ப் சைசுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, இடத்தை அடைக்கிறதே என்று மூலப் படத்தை அழித்துவிட்டான். கீழ் வரிசைத் தலைக்கு அவ்வளவு பெரிய படம் எதற்கு என்று நினைத்த புத்திசாலி அவன்.

பிரிண்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அழகி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முதலாளியைக் கேலி செய்யாமல் டீ இறங்காது. அன்றைக்கு மட்டும் பாண்டீஸ்வரி காதில் விழாதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“மொகம் அஞ்சடி அகலம்னு வையிங்க. அறுபது இஞ்சுல இருநூத்திப் பத்துப் புள்ளி. இஞ்சுக்கு மூணரை. ஒரு புள்ளி சுண்டுவெரல் நகம் தண்டி இருக்கும். மொகத்துல ஆத்தங்குடித் தரைக்கல்லு பதிச்ச மாதிரி கட்டம் கட்டமா வரும்ணே.”

செம்மலை கேமராவை எடுத்து, ஸ்கிரீனில் தெரிந்த சோணையைப் படம் பிடித்தான்.

“என்னண்ணே செய்யிறீக?”

“இப்ப இது இருபத்து நாலு மெகாபிக்சல்ல?”

“ஆத்தங்குடிக் கல்ல அதுல எடுத்தா, தெளிவான ஆத்தங்குடிக் கல்லு வரும்.”

அடுத்து, மங்கின படத்தை ஏ.ஐ. தானே தெளிவாக்கித் தரும் என்று சொல்லி ஒரு செயலியில் ஏற்றினான். அரை நிமிடத்தில் வந்தது. கண் பளபளத்தது. முன்பல் சந்து அடைபட்டிருந்தது. புருவத்தில் இருந்த வெட்டுத்தழும்பில் முடி முளைத்திருந்தது. செம்மலைக்கே கைதட்டலாம் போலிருந்தது. பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் மரியாதையாக நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்காக. ஆனா இவுக யாருண்ணே?”

அவன் ஸ்கிரீனை அணைத்தான்.

“முடியாதுன்னா சொல்லிருங்கண்ணே. எத்தன பேரு போர்டுல அவுக கீழ நின்னாக. ஒரு தடவையாச்சும் மேல ஏத்திப் பாத்துரணும்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்.” எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகிற காரியமில்லை என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள, பழைய படத்தையே பெரிதாக்கிக் கண்ணும் மூக்கும் இருக்கும் துண்டை மட்டும் போர்டு அளவிலேயே அடித்துப் பார்க்கச் சொன்னான். அழகி சொன்னபடியே கட்டம் கட்டமாக வந்தது. மை காய வாசலில் தொங்கவிட்டு, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அந்த நேரம் யாராவது அவனைப் படம் எடுத்திருந்தால் கடை விளம்பரத்துக்கு ஆகியிருக்காது.

“அண்ணே!”

டீ கிளாஸோடு பாண்டீஸ்வரி எழுந்து நின்றிருந்தாள். “அந்தா இருக்காக! அவுகதான்!”

விடுவிடுவென்று ரோட்டைத் தாண்டி வந்தாள். வர வர நடை தளர்ந்தது. பிளக்ஸ் துணிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். “எங்கண்ணே போனாக?”

செம்மலை ஸ்டூலைத் தள்ளிவிட்டு டீக்கடைக்கு ஓடினான். திரும்பிப் பார்த்தான். தழும்போடு சோணை பார்த்துக்கொண்டிருந்தான். போர்டு அடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவன், பெரிய போர்டை யாரும் மூக்கு உரசப் பார்ப்பதில்லை என்பதை மறந்துபோயிருந்தான். துணியிலிருந்து தப்படி எண்ணி நடந்து பார்த்தான். பத்தில் கட்டம் தெரிந்தது. பதினெட்டில் மங்கியது. இருபத்தைந்தில் ஆள் வந்துவிட்டான்.

“போர்டு எங்க கட்டப் போற?”

“வீட்டுச் சந்து முக்குல. அந்தச் சந்து அகலமே எட்டடிதான்ணே.”

“ஆகாது. ஊருணிக்கு அங்குட்டுக் கரையில கட்டுவோம். பஸ் ஸ்டாப் இங்குட்டுக் கரையில இருக்கு. நடுவுல தண்ணி. ஒரு பய கிட்டப் போகமாட்டான்.”

மத்தியானம் காண்ட்ராக்டர் ராமநாதன் போன் செய்தார். சோணை அதிகமாகக் கீழே நின்றது அவருடைய போர்டுகளில்தான். “செம்மல, சோணைக்கு போர்டு அடிக்கிறியாமே, நம்ம படமும் வரட்டும். ஒரிஜினல் அனுப்பிருக்கேன், பதினெட்டு எம்.பி. எம்புட்டுப் பெருசா வேணாலும் இழுக்கலாம்.” பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரியிடம் செம்மலை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“போடுங்கண்ணே, பாவம். கீழ, கடைசியில. அவுக நின்ன எடத்துல.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செம்மலை அழகியோடு கொத்தமங்கலம் போய்த் தானே நின்று போர்டைக் கட்டினான். கட்டும்போது மூங்கிலுக்குப் பக்கத்தில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. கரையைச் சுற்றி பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேரும்வரை அவன் தலையைத் திருப்பவில்லை.

பாண்டீஸ்வரி அங்கே ஏற்கெனவே நின்றிருந்தாள். ஊருணித் தண்ணீருக்கு மேலே, சட்டையின் மேல் பட்டன் போடாமல், பல் சந்து தெரியச் சோணை சிரித்தான்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அந்தப் படம் பெருசாத்தான் இருந்துச்சு. நான்தான் சுருக்கிட்டுப் பெருச அழிச்சுட்டேன். கீழ் வரிசைக்குத்தானேன்னு.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“சின்னதையாச்சும் வச்சிருந்தீகள்ல” என்றாள் பாண்டீஸ்வரி.

அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் மாலையோடு கரையைச் சுற்றிக் கிளம்பினார். “கிட்டப் போகாதீக மாமா!” என்று சத்தம் போட்டாள். “போனா இருக்க மாட்டாக. இங்குட்டே நின்னு பாருங்க.” மாமா குழம்பிப்போய், மாலையை பஸ் ஸ்டாப் தூணில் மாட்டினார்.

“அண்ணே” என்றாள் கண்ணை எடுக்காமல். “ரெண்டு காதும் இருக்குல்ல?”

“இருக்கு தங்கச்சி” என்றான் செம்மலை. “நல்லா எண்ணிப் பாத்துத்தான் அடிச்சேன்.”